கண்டி மண்டபத்தில் பழைய ரொக்: சத்தத்தை அடக்கத் தெரிந்த ஒரு குழு

கொழும்பிலிருந்து அவ்வப்போது கண்டிக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் குழு இது. 1968க்கும் 1979க்கும் இடைப்பட்ட பிரிட்டிஷ், அமெரிக்க ரொக் பாட்டுகள் மட்டும்தான் வாசிப்பார்கள். இடம், ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் கல்யாண மண்டபம். மாலை 6.45க்குத் தொடக்கம், நடுவில் 25 நிமிட இடைவேளை, இரவு 9.50க்கு முடிவு, மொத்தம் 21 பாட்டு. பின்பக்க டிக்கட் 2,500 ரூபா, நடுப்பகுதி 4,000 ரூபா, மேடைக்கு முன்னால் மெத்தை நாற்காலி போட்ட மூன்று வரிசை 7,500 ரூபா.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கமிருந்து ஒரு நாளைச் செலவழித்து இறங்கி வந்து கேட்கத் தகுமா என்றால், தகும். குழுவை நம்பித் தாராளமாக வரலாம். மண்டபத்தை நம்பி வர முடியாது. இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இந்த மண்டபத்தில் கண்ட குறைகளில் பாதிக்கு மேல் மலையகத்தில் மேடை போடுகிற எந்த மண்டபத்திலும் இருப்பவை. பெயரைவிட அந்தக் குறைகளை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் டிக்கட் வாங்குகிறவருக்குப் பயன்படும்.

இந்தக் குழுவின் பெரிய கெட்டித்தனம், மேடையில் சத்தத்தை அடக்கி வைத்திருப்பது. தோட்டத்துத் திருவிழா, கல்யாண வீடு, நுவரெலியா ஏப்ரல் சீசன் மேடை என்று எங்கே போனாலும், நெஞ்சுக் கூடு அதிர்ந்தால்தான் கொடுத்த காசுக்கு சவுண்ட் என்ற நினைப்பு நம் பக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. பழைய ரொக்கை அப்படிப் போட்டால் முதலில் செத்துப்போவது பாடகரின் சொற்கள், அடுத்தது ஓர்கன். இரண்டும் கிட்டாரும் சிம்பலும் ஒலிக்கிற அதே சுருதி எல்லைக்குள்தான் காதுக்குக் கேட்கின்றன. கிட்டார் ஏறினால் பாடகரை ஏற்ற வேண்டும், பாடகரை ஏற்றினால் அவர் மைக்குக்குள் ட்ரம்ஸ் சத்தமும் சேர்ந்து ஏறும், கடைசியில் எல்லாம் ஒரே இரைச்சல்.

இவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டு கிட்டாருக்கும் ஆளுக்கொரு சின்ன வால்வ் அம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும், கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பெட்டி) வைத்திருக்கிறார்கள். ஒன்று 15 வோட், மற்றது 22 வோட், இரண்டிலும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. அதைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில் ஏற்றி, முதுகைச் சாய்த்து, வாசிப்பவரின் காதைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அம்ப் தரையில் இருந்தால் வாசிப்பவருக்கு முழங்காலுக்குக் கீழேதான் சத்தம் போகும். தனக்குக் கேட்கவில்லையே என்று அவர் ஏற்றிக்கொண்டே போவார், முன்வரிசைக்காரருக்குக் காது கிழியும்.

1960களின் கடைசியில் பெரிய குழுக்கள் 100 வோட் அம்ப்களை அடுக்கி வைத்ததைப் படங்களில் பார்த்துவிட்டு, அதுதான் சரி என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் பொதுச் சவுண்ட் பொக்ஸ்கள் பெரும்பாலும் பாட்டுக்கு மட்டும்தான் உழைத்தன. கிட்டார் சத்தம் மண்டபத்தின் கடைசிவரை அம்பிலிருந்தே போயாக வேண்டியிருந்தது. இன்றைக்கு அம்புக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்தால் வேலை முடிந்தது. 10 வோட்டிலிருந்து 100 வோட்டுக்குப் போனால் சத்தம் பத்து மடங்கு ஆகாது. 10 டெசிபல்தான் கூடும், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். ஆனால் வால்வ் அம்பின் இயல்பான கரகரப்பு அதை நன்றாகத் திறந்தால்தான் வரும். சின்ன அம்பை முக்கால் திறக்கலாம். 100 வோட் அம்பை இந்த மண்டபத்தில் கால் பங்கு திறக்கவே முடியாது. இதைக் கணக்குப் பண்ணி வருகிற குழு மலைநாட்டுக்கு அபூர்வமாகத்தான் ஏறி வருகிறது.

இனி மண்டபம். தரை முழுக்க டைல்ஸ், ஏரிப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மேலே தாழ்ந்த கொங்கிரீட் தட்டு. ஆள் இல்லாதபோது நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினால், தட்டலுக்குப் பின்னால் ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு வால் நீளும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி பந்தாகத் துள்ளுகிற சத்தம் அது. ஆட்கள் நிறைந்தால் பாதி அடங்கும், ஏனென்றால் உடுப்பும் உடம்பும் ஒலியைக் குடிக்கும். மீதிப் பாதிக்காகக் குழுவினர் கண்ணாடிப் பக்கத் திரைச்சீலைகளை முழுக்க இழுத்து மூடச் சொன்னார்கள். ஏரி தெரியவில்லையே என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஏரியைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பாதி இப்படி நன்றாகவே போனது. கெட்டது இடைவேளைக்குப் பிறகு. பின்பக்கத்துக்குச் சத்தம் போதவில்லை என்று யாரோ சொல்ல, மண்டபத்து ஊழியர் கூரையில் பதித்திருக்கும் நிரந்தர ஸ்பீக்கர்களைப் போட்டுவிட்டார். கல்யாண அறிவிப்புக்கு வைத்த ஸ்பீக்கர்கள் அவை. அந்த நிமிடத்திலிருந்து பின் மூன்றிலொரு பகுதியில் நின்றவர்களுக்குப் பாடகர் இரண்டு பேராகிவிட்டார்.

காரணம் சுலபமானது. கண்டியின் மாலை வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும், அதாவது ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிநொடி. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேடைச் சத்தம் வந்து சேர 58 மில்லிநொடி ஆகும். வயரில் வருகிற சத்தமோ தலைக்கு மேலிருக்கும் ஸ்பீக்கரில் அந்தக் கணமே கேட்டுவிடும். இரண்டுக்கும் இடையில் 50 மில்லிநொடிக்கு மேல் போய்விட்டால் மூளை அதை ஒரே சத்தமாகச் சேர்த்து எடுக்காது, எதிரொலியாகப் பிரித்துவிடும். ட்ரம்ஸ் அடி ஒவ்வொன்றும் ‘ட-டக்’ என்று இரண்டாக உடைந்தது இதனால்தான். எல்லா மைக்குகளின் சத்தத்தையும் சேர்த்துக் கலக்கும் டிஜிட்டல் மிக்சரில் கூரை ஸ்பீக்கர் போகும் வழியில் 58 மில்லிநொடி தாமதம் போட்டு, அதோடு இன்னும் 10 கூட்டிவிட்டால், சத்தம் மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும், தெளிவும் கூடும். இரண்டு நிமிட வேலை. ஆனால் மண்டபத்தின் கூரை ஸ்பீக்கர்கள் குழுவின் மிக்சரைத் தொடாமல் தனி அம்பில் ஓடின, அதனால் குழுவின் சவுண்ட்காரரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று பாட்டு கழிந்த பிறகுதான் அணைத்தார்கள். மண்டபத்தார் ஒரே ஒரு வயர் இழுத்து அந்த அம்பை மிக்சரோடு இணைக்க ஏற்பாடு செய்தால் இந்தத் தொல்லை நிரந்தரமாகப் போய்விடும்.

அதனால் எந்த டிக்கட் எடுப்பது என்பதில் சந்தேகமே வேண்டாம்: 4,000 ரூபா டிக்கட். 7,500 ரூபா நாற்காலியில் உட்கார்ந்தால் பாடகரின் முகம் தெரியும், பாட்டு கேட்காது. பாட்டு வருகிற பொக்ஸ்கள் மேடையின் இரு ஓரத்திலும் உயரத்தில் தொங்குகின்றன, சத்தம் முன்வரிசையின் தலைக்கு மேலால் போய்விடும். அங்கே கேட்பதெல்லாம் சிம்பலும் கிட்டார் அம்பும்தான். நடுப்பகுதியில் சவுண்ட்காரர் மேசை போட்டிருப்பார். அந்த மேசைக்கு இரண்டடி முன்னால், மண்டபத்தின் நடுக்கோட்டில் நின்றால் அவர் எதைக் கேட்டுச் சரிசெய்கிறாரோ அதையே நீங்களும் கேட்பீர்கள். சுவரோரம் ஒதுங்க வேண்டாம். சுவர் மூலையில் பேஸ் என்ற கீழோசை குவிந்து, வயிற்றுக்குள் உறுமிக்கொண்டே இருக்கும்.

நடுக்கோட்டில் நிற்பதற்கு இன்னொரு காரணம் ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’. நம் நாட்டில் கிட்டார் தூக்கிய எவரும் அதை வாசிக்காமல் விடுவதில்லை, அதனாலேயே மிகவும் கெடுக்கப்பட்ட பாட்டும் அதுதான். பாட்டின் கடைசியில் இரண்டு கிட்டார்கள் முதலில் மாறி மாறிப் பேசி, பிறகு ஒன்றையொன்று ஒட்டி இறங்கி வரும் பகுதி இருக்கிறதல்லவா, அதில் இந்தக் குழு ஒரு கிட்டாரை இடது பொக்ஸுக்கும் மற்றதை வலது பொக்ஸுக்கும் பிரித்து அனுப்புகிறது. நடுவில் நிற்பவருக்கு இரண்டும் நெற்றிக்கு நேராக வந்து பின்னிக்கொள்ளும். ஓரத்தில் நிற்பவருக்குப் பாதிப் பேச்சுத்தான் கிடைக்கும்.

தொடக்கத்தையும் ஒழுங்காகச் செய்கிறார்கள். 12 கம்பி கிட்டாரில் ஏழாவது கட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஈ மைனர் பிடிப்பில் தொடங்கினால்தான் பி மைனர் சுருதியில் அந்த மணியோசை கிடைக்கும். ஆறு கம்பி கிட்டாரில் பி மைனரைப் பிடித்து வாசித்தால் சுருதி ஒன்றுதான், ஓசை வேறு. கேப்போ போட்டதும் பன்னிரண்டு கம்பியும் கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும், மறுபடி சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கத்தியது. அவசரப்படாமல் சேர்த்து முடித்துத்தான் தொடங்கினார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இவர்களை மதிக்க வேண்டும். (12 கம்பி கிட்டார் வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: மேல்ஸ்தாயி ஜி கம்பிதான் எல்லாவற்றிலும் மெல்லியது, முதலில் அறுவதும் அதுதான். அதில் மட்டும் இரண்டு மூன்று உபரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.)

டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ நான்காவது பாட்டு. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோ நகரில் சூதாட்ட மாளிகை தீப்பிடித்து, ஏரிக்கு மேலே புகை படர்ந்ததைப் பற்றிய பாட்டு அது. கண்டி ஏரிக்கரையில் அதைக் கேட்பது தனி ருசி. ஆனால் சொல்ல வந்தது அந்தப் புகழ்பெற்ற தொடக்கத்தைப் பற்றி. கிட்டார் கற்கும் எல்லாரும் முதல் வாரத்தில் அதைப் பிக்கால் (கம்பியை மீட்டும் சின்னத் தகட்டால்) அடித்துப் பழகுகிறார்கள், அதுவும் ஐந்தாம் சுர இடைவெளியில். மூலத்தில் அது நான்காம் சுர இடைவெளி. பிக் இல்லாமல், இரண்டு கம்பியையும் விரலால் ஒரே நேரத்தில் சுண்ட வேண்டும். பிக்கால் அடித்தால் ஒரு கம்பி முந்தும், மற்றது பிந்தும், ‘ஜ்ரங்’ என்று சரியும். விரலால் சுண்டினால் இரண்டும் ஒன்றாகக் குதிக்கும். இவர்களின் கிட்டார்காரர் பிக்கை உதட்டில் கவ்விக்கொண்டு, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுத்தார். நடுவில் நின்றாலே வித்தியாசம் தெரிந்தது.

அந்தப் பாட்டின் பாதிப் பலம் ஓர்கனில் இருக்கிறது என்பதைப் பல குழுக்கள் மறந்துவிடுகின்றன. டீப் பர்ப்பிளின் ஜோன் லோர்ட் தன் ஹாமண்ட் ஓர்கனை மார்ஷல் கிட்டார் அம்பில் சொருகி வாசித்தவர். அதனால்தான் அது கோயிலோசையாக இல்லாமல் உறுமலாக வந்தது. உண்மையான ஹாமண்ட் பி-3 ஓர்கன், காற்பலகையும் இருக்கையும் சேர்த்தால், 190 கிலோவுக்குக் கிட்ட வரும். கடுகண்ணாவை ஏற்றத்தில் அதை யாரும் கொண்டுவரப் போவதில்லை. இந்தக் குழு 15 கிலோவுக்குள் அடங்கும் கீபோர்ட் ஒன்றை வைத்திருக்கிறது, அதில் ஹாமண்டில் உள்ள மாதிரி இழுத்துத் தள்ளும் ஒன்பது கட்டைகள் உண்டு. ஓசை தொண்ணூறு வீதம் வந்துவிடுகிறது.

இந்த ஓர்கனில் கேட்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. பழைய ஓர்கனோடு லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் பெட்டி சேரும். மேலே ஒரு கொம்பு சுழலும், கீழே பேஸுக்கு ஓர் உருளை சுழலும். மெதுவான ஓட்டத்தில் நிமிடத்துக்கு 40, 50 சுற்று, வேக ஓட்டத்தில் 400 அளவில். வேகத்தை மாற்றினால் கொம்பு இலேசானது, ஒரு நொடியில் பிடித்துவிடும். கீழ் உருளை கனமானது, நாலைந்து நொடி எடுத்து ஏறும், அதே மாதிரி ஆறுதலாக இறங்கும். அந்த இடைவெளியில் மேலோசை படபடக்க, கீழோசை இன்னும் அசைந்துகொண்டிருக்கும். மலிவான கீபோர்ட்களில் இரண்டும் ஒரே நேரத்தில் வேகம் பிடித்துவிடும், அதைக் கேட்டாலே பொய் என்று தெரியும். இவர்களின் கீபோர்ட்காரர் ஒரு பாட்டின் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். மேலே நின்றது. கீழே இன்னும் நாலு சுற்று. பிறகுதான் கையெடுத்தார். அவ்வளவு பொறுமை உள்ள கை.

பாட்டுக்கு நடுவே மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மேடைக்கு ஒரு ப்ளக்கில் கரண்ட், பின்னால் சவுண்ட் மேசைக்கு வேறொரு ப்ளக்கில் கரண்ட் எடுத்திருந்தார்கள். இரண்டின் எர்த்தும் சமமாக இல்லாவிட்டால், நடுவில் ஓடும் ஒலி வயர் அந்த வித்தியாசத்தைச் சுமந்து ‘ம்ம்ம்’ என்று முனகும். இலங்கையில் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. பேஸ் கிட்டாரின் கீழ் ஜி சுருதி 49 சுற்று. ஆக, கரண்டின் முனகல் ஜி சுருதிக்கு மேலே, அரைச் சுரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறி நிற்கிறது. ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ ஜி மைனர். பாட்டு அடங்குகிற இடத்தில் எல்லாம் சற்றே பிசகிய சுருதிப்பெட்டி பின்னால் ஓடுவது மாதிரி இருந்தது. மேடைக்கும் மேசைக்கும் ஒரே பலகையிலிருந்து கரண்ட் இழுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

இந்த முனகலை நிறுத்த நம் பக்கத்தில் சிலர் ப்ளக்கின் எர்த் ஊசியைப் பிடுங்கிவிடுவார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். கம்பியில் ஒரு கை, மைக்கில் ஒரு கை என்றால் கரண்ட் போகும் பாதை நெஞ்சு வழியாகத்தான். மலையகத்து ஈரத்தில், மழை ஒழுகும் மேடையில், இது இன்னும் ஆபத்து.

ட்ரம்ஸைப் பற்றித் தப்பு மேளச் சத்தத்தில் வளர்ந்த காதுக்குச் சொல்ல வேண்டும். காமன் கூத்துக்கு முன்னால் வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஈரம் ஏறிய தோல் ‘தொப்’ என்று விழும், காய்ந்த தோல் ‘டண்’ என்று எழும். இன்றைய ட்ரம்ஸ் தோல் பிளாஸ்டிக், ஈரம் ஏறாது, காய்ச்சத் தேவையில்லை. ஆனால் அடிக்கும் இடமும் இழுத்துக் கட்டிய அளவும் அதே விஷயம்தான். லெட் செப்லினின் ஜோன் பொனம் 26 அங்குலப் பெரிய ட்ரம் வைத்து, தோலை இறுக்கிக் கட்டி, உள்ளே தலையணை திணிக்காமல் அடித்தவர். இந்தக் குழுவின் ட்ரம்ஸ்காரர் 22 அங்குலம்தான் வைத்திருக்கிறார், உள்ளே சின்னத் துவாய் ஒன்று மட்டும். அடி விழுந்ததும் ஒரு மூச்சு நேரம் காற்று திரும்பி வருகிறது. தலையணை திணித்த ட்ரம்மில் அது கிடைக்காது, அட்டைப் பெட்டியை உதைத்த மாதிரிதான் இருக்கும். அவர் சிம்பலை அடக்கி, ட்ரம்மை ஓங்கி அடிக்கிறார். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்வார்கள்.

பிங்க் ஃபுளோய்டின் ‘மனி’ ஏழு எண்ணிக்கையில் ஓடும் பாட்டு. கூட்டம் நாலுக்கு நாலு கை தட்டத் தொடங்கி, இரண்டாவது சுற்றிலேயே தடுமாறி நின்றது. கோயில் நாதஸ்வரத்தில் மிஸ்ர சாபு கேட்டுப் பழகியவர்களுக்கு ஏழு புதிதல்ல, ஆனால் தகிட தகதிமி என்று பிரித்துப் பொருத்தப் பார்க்க வேண்டாம். ஒன்றிலிருந்து ஏழுவரை நேராக எண்ணிக்கொண்டு, ஒன்றில் மட்டும் தட்டினால் தப்பாது. நடுவில் கிட்டார் தனி வாசிப்பு வரும்போது தாளம் நாலுக்கு மாறும். அந்த மாற்றத்தில் பேஸ்காரர் ஒரு இம்மிகூடப் பிசகவில்லை. அன்றைய இரவின் மிகச் சுத்தமான இடம் அது.

குறை சொல்ல வேண்டிய வாசிப்பும் உண்டு. குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’யை எடுத்திருக்கக் கூடாது. நடுவில் வரும் கூட்டுக்குரல் பகுதியை குயீனே மேடையில் பாடியதில்லை, ஆட்கள் உள்ளே போய்விட, நாடாவில்தான் ஓடும். இவர்கள் மூன்று குரலில் அதைப் பாட முயன்று மூச்சு வாங்கினார்கள். பாடகர் சில பாட்டுகளை அரைச் சுருதி இறக்கிப் பாடுகிறார், அதில் தவறில்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டுமே. ஆனால் அரை இறக்கியும் எட்டாத பாட்டை விட்டுவிடுவதுதான் அழகு.

முதல் இரண்டு பாட்டில் கிட்டார் சுருதி கொஞ்சம் இறங்கியதையும் காது பிடித்தது. குளிர்ந்த பின்னறையில் சுருதி சேர்த்துவிட்டு விளக்குச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் இரும்புக் கம்பி நீளும், நீண்டால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். அரை மணி நேரத்துக்கு முன்பே கிட்டார்களை மேடையில், விளக்கின் கீழ் நிறுத்திவிட்டுப் பிறகு சுருதி சேர்ப்பதுதான் வழக்கமான மருந்து. நுவரெலியாவில் வாசிக்கும் குழுக்கள் இதை இரட்டிப்புக் கவனமாகச் செய்ய வேண்டும்.

சத்தம் அடக்கம் என்று சொன்னாலும் ரொக் ரொக்தான். வேலைத்தளங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரைப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். பக்கத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச முடிகிறது என்றால் 85ஐத் தாண்டியாயிற்று. பார்மசியில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் போதும். விரலால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை பிடிக்க வேண்டும். வாசலில் செருகிக்கொண்டால் பயனில்லை. பஞ்சு எதற்கும் ஆகாது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் கிண்ணம் மாதிரிக் காதை மூடும் உறை கொண்டுவருவது நல்லது.

சாப்பாடு சுமார். ரோல்ஸ் ஆறிப்போய் இருந்தது, பிளேன் டீ மட்டும் சூடு. வெளியே டவுனில் கொத்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போவதே மேல்.

வருவதும் போவதும்தான் மலைநாட்டுக்காரருக்குப் பெரிய கணக்கு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் வையுங்கள். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கிட்டத்தட்ட மூன்று. பேராதனைக்கு வந்த பிறகு மாலை நெரிசல் அரை மணியையாவது தின்னும், தலதா மாளிகையில் மாலைப் பூசை நேரம் ஏரியைச் சுற்றி வாகனம் நகராது. ஐந்து மணிக்குக் கண்டிக்குள் இருப்பதாகக் கிளம்ப வேண்டும். இரவு 9.50க்கு முடிந்தபின் மேல்நாட்டுப் பக்கம் பஸ்ஸை நம்பி நிற்கக் கூடாது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஹையேஸ் வேன் பேசுவதுதான் வழி. சாரதிக்கும் டிக்கட் எடுத்து உள்ளே கூட்டிவராமல், அந்த மூன்று மணி நேரம் வேனில் தூங்க விடுங்கள். ரம்பொடைக்கு மேலே இரவில் மூடுபனி இறங்கினால் முன்னால் பத்தடி தெரியாது. ஒக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இரவுப் பயணம். எச்சரிக்கை இருந்தால் கண்டியில் தங்கிவிட்டு விடிந்தபின் ஏறுங்கள். எசல பெரஹர நாட்களில் அறை கிடைப்பது கடினம், வீதிகளும் மூடப்படும், அந்தப் பத்து நாளை விட்டுவிடலாம்.

உடுப்பைப் பொறுத்தவரை, 500 மீட்டர் உயரக் கண்டியில் நிறைந்த மண்டபம் வேர்த்துக் கொட்டும். அங்கிருந்து 1,868 மீட்டர் நுவரெலியாவுக்கு நனைந்த சட்டையோடு ஏறினால் மறுநாள் காய்ச்சல்தான். உள்ளே மெல்லிய சட்டை, வேனில் மாற்றுச் சட்டையும் சுவெட்டரும்.

கடைசியாக, கதவு திறக்கும் நேரம் 6 மணி, ஆனால் குழு சவுண்ட் பார்ப்பது 4.30க்கு. முன்னேரமே வந்துவிட்டால் ஏரிக்கரை நடைபாதையில், மண்டபத்துக் கண்ணாடிக்கு எதிரே நின்று காது கொடுங்கள். ட்ரம்ஸ்காரர் ஒவ்வொரு ட்ரம்மாகத் தனித்தனியே அடிப்பார். திரைகளையும் பாருங்கள்: மூடியிருந்தால் உள்ளே எதிரொலி அடங்கும். திறந்திருந்தால் எதிரொலி மிஞ்சும். எப்படியிருந்தாலும் உள்ளே போனதும் நேராக சவுண்ட் மேசைக்கு முன்னால் போய் இடம் பிடித்துவிடுங்கள், ஒரு 60 பேருக்குத்தான் அங்கே இடம்.